பிறர் வாழ்வு கண்டு மனங் குளிர்தல்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில் நாவற்குடாவின் ஒழுங்கைகளில் ஓர் ஆங்கிலச் சொல் ஓயாமல் ஒலிக்கும். "கொங்கிராஜுலேசன்ஸ்" என்பதே அச்சொல். அவசரக்காரர்கள் அதனைக் "கொங்கிராட்ஸ்" எனக் குறுக்கிவிடுவர். ஆங்கிலம் சற்றுக் கூடுதலாக அறிந்த இளைஞர்கள் "ஐ ஆம் ஸோ ஹப்பி ஃபோர் யூ" என்று முழு வாக்கியமாகவே சொல்வர். 'உங்களுக்குக் கிடைத்ததை எண்ணி எனக்கு மிகவும் மகிழ்ச்சி' என்பது அதன் கருத்து. பரீட்சைக்கு மாத்திரமன்று, மகளுக்குக் கல்யாணம் பொருந்தினாலும், மத்திய கிழக்கிலிருந்து திரும்பிய மகன் கல்வீடு கட்டிக் குடிபுகுந்தாலும், உத்தியோக உயர்வு வந்தாலும் இந்த ஆங்கிலமே முந்திக்கொண்டு வருகின்றது. நெற்றி நிறையத் திருநீறும் கையில் அருச்சனைத் தட்டுமாக ஆலய வாசலில் நிற்பவர்கூட அயல்வீட்டாரைக் கண்டதும் "கொங்கிராட்ஸ்" என்றுதான் தொடங்குகின்றார்.

இதற்குத் தமிழில் ஒரு சொல் இல்லையா என்று பெரியவர்கள் வருந்துவதுண்டு. வருத்தம் நியாயமானதே. ஆயினும் ஒரு சொல் ஊருக்குள் வந்து இவ்வளவு விரைவாகக் குடியேறுகிறது என்றால் அதற்கு இடம் வெறுமையாக இருந்திருக்க வேண்டும். அந்த வெறுமை எங்கே உள்ளது என்று பார்ப்பதே பயனுடையது.

முதலில் வாழ்த்து என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோர் பலர். 'வாழ்' என்னும் அடியிலிருந்து பிறந்த சொல் அது. ஒருவரை 'வாழ்க' எனக் கூறுதல், வாழச் செய்தல் என்பன அதன் பொருள். இனி வரப்போகும் நாட்களை நோக்கியே அச்சொல் நிற்கின்றது. கை உயர்த்தி ஆசி வழங்கும் தொனியும் அதில் உண்டு. ஆகவே மூத்தோர் இளையோரை வாழ்த்தலாம், இளையோர் மூத்தோரை வாழ்த்தலாகாது என்ற எண்ணம் எம்மவரிடையே வேரூன்றிவிட்டது. "வாழ்த்த வயதில்லை, வணங்குகின்றேன்" என்று மேடைதோறும் கேட்கும் வாசகம் இதன் விளைவே. தனக்குப் பாடஞ் சொல்லித் தந்த ஆசிரியர் அதிபராகப் பதவி உயர்வு பெற்றால் பழைய மாணவன் அவரிடம் என்ன சொல்வான்? தமிழில் தயங்கி நிற்கும் நாக்கு ஆங்கிலத்திற் புரண்டுவிடுகின்றது. ஆங்கிலச் சொல்லுக்கு வயதில்லை. பேரன் பாட்டனுக்குச் சொன்னாலும் சிற்றூழியர் பணிப்பாளருக்குச் சொன்னாலும் அது பொருந்தும்.

இவ்வாறு தயங்குவதற்குச் சைவ மரபில் உண்மையில் இடமில்லை. பூசை முடிவிற் பஞ்சபுராணம் ஓதும்போது திருப்பல்லாண்டு ஓதப்படுகின்றது. சேந்தனார் அருளிய அப்பதிகம் ஒன்பதாம் திருமுறையில் உள்ளது. அதில் அடியவன் ஒருவன் ஆண்டவனுக்கே பல்லாண்டு கூறுகின்றான். பிறப்பும் இறப்பும் இல்லாத பரம்பொருளுக்கு மனிதன் ஆயுள் கூறுவதாவது! வயதும் தகுதியும் பார்த்திருந்தால் அப்பதிகம் பிறந்திராது. அன்பு மேலிட்டபோது தகுதி பார்க்கும் நினைவு அற்றுப்போகின்றது என்பதே அதன் உட்பொருள். தினமும் திருப்பல்லாண்டு கேட்கும் காதுகளுக்கு, ஆசிரியரை வாழ்த்துவதில் கூச்சம் வேண்டியதில்லை. (வாழ்த்துகளா வாழ்த்துக்களா என்ற வழக்கு வேறு நெடுங்காலமாக நடக்கின்றது. ஒற்று மிகுமா மிகாதா என்று வாதிட்டு முடிப்பதற்குள் வாழ்த்தப்பட வேண்டியவர் வீடு போய்ச் சேர்ந்துவிடுவார்.)

இரண்டாவது தடை சற்று ஆழமானது. அதுதான் நாவூறு, கண்ணூறு பற்றிய அச்சம். "உங்கட புள்ள நல்லாப் படிக்கிறான்", "வீடு நல்ல வடிவாய் வந்திருக்கு" என்று வாய்விட்டுச் சொன்னால் நாவூறு பட்டுவிடும் என்று சொல்பவரும் அஞ்சுவார், கேட்பவரும் அஞ்சுவார். பிள்ளைக்கு மறுநாள் காய்ச்சல் வந்தால் முதல் நாள் புகழ்ந்தவரின் பெயர் அடுப்படியில் அடிபடும். செத்தல் மிளகாயும் உப்பும் தலையைச் சுற்றி அடுப்பிற் போடப்படும். இப்படிப்பட்ட சூழலில் நல்லெண்ணமுடையவர்கள்கூட வாய் திறக்காமல் இருப்பதையே பண்பாகக் கொண்டனர். ஆங்கிலச் சொல்லுக்கோ நாவூறு இல்லை என்பது போல ஒரு நம்பிக்கை! யாரும் அப்படி எண்ணிச் சொல்வதில்லை. ஆனால் தமிழிற் புகழ்ந்தால் நெஞ்சில் எழும் அந்தச் சிறு நடுக்கம் "கொங்கிராட்ஸ்" என்னும்போது எழுவதில்லை என்பதை ஊரில் எவரும் உணர்ந்து பார்க்கலாம்.

அயலிலே காத்தான்குடியில் இஸ்லாமியச் சகோதரர்கள் இந்தச் சிக்கலை அழகாகத் தீர்த்துக்கொண்டுள்ளனர். பிறருடைய குழந்தையையோ வீட்டையோ பயிரையோ கண்டு வியக்கும்போது அவர்கள் "மாஷா அல்லாஹ்" என்பர். 'இறைவன் நாடியது' என்பது அதன் பொருள். நல்லதைக் கண்டதும் அந்த நன்மையை அதன் உடையவனான இறைவனிடமே சேர்த்துவிடுவதால், பார்ப்பவனின் கண்ணுக்கு அங்கே வேலையில்லை. சைவ முதியவர்கள் "எல்லாம் அவன் செயல்" என்றும் "அம்மாள்ட கிருபை" என்றும் சொல்வதும் இதே வழியைச் சேர்ந்தது. சொல்லிவிட்டுத் திருநீறு பூசிவிடுவர். அச்சமும் தீர்ந்தது, மகிழ்ச்சியும் வெளிவந்தது.

இனி அந்த ஆங்கிலச் சொல்லையே சற்றுப் பிரித்துப் பார்க்கலாம். அது இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. 'கொன்' என்றால் உடன், கூட என்று பொருள். 'கிராத்துலாரி' என்றால் மகிழ்ச்சியை வெளியிடுதல். இரண்டும் சேர்ந்தால் 'உடன் மகிழ்தல்' என்றாகும். நடந்து முடிந்த நன்மையில் பங்குகொண்டு கூடவே மகிழ்வதை அச்சொல் குறித்தது. வாழ்த்து முன்னே பார்க்கின்றது, இச்சொல் பக்கத்தில் வந்து நிற்கின்றது. பொருளறிந்து சொன்னால் அது இரவற் சொல்லாயினும் இழிந்த சொல்லன்று. நாவற்குடாவிலிருந்து கூப்பிடு தூரத்தில், கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலய வளவிற் சமாதி கொண்டிருக்கும் சுவாமி விபுலாநந்தர் ஆங்கிலத்தைப் பகைத்தவரல்லர். ஆங்கிலத்தில் 'பிரபுத்த பாரத' இதழின் ஆசிரியராக இருந்தவர் அவர். அதே சமயம் 1936 இல் சென்னையில் நடைபெற்ற சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை வகித்து, அறிவியற் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் காணப் பாடுபட்டவரும் அவரே. பிறமொழிச் சொல் ஒன்று கைக்கு வந்தால் அதன் பொருளை அறிந்து, தன் மொழியில் அதற்கு நிகர் எங்கே இருக்கிறது என்று தேடுவது அப்பெரியார் காட்டிய வழி.

தேடுவதற்கு முன் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். உடன் மகிழ்தல் என்பது சொல்வதற்கு இலகு, செய்வதற்கு அரிது.

ஓர் ஒழுங்கையில் அடுத்தடுத்த இரு வீடுகளை எண்ணிப் பார்க்கலாம். இரு வீட்டுப் பெண்பிள்ளைகளும் ஒரே வகுப்பில், ஒரே ரியூசனுக்கு, ஒரே சைக்கிளிற் போய்ப் படித்தவர்கள். ஒருத்திக்கு மருத்துவபீடம் கிடைக்கின்றது. மற்றவளுக்கு இசட் புள்ளியில் சொற்ப வித்தியாசத்தால் தவறிப்போகின்றது. மருத்துவம், பொறியியல் போன்ற கற்கைநெறிகளுக்கு 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும் 55 வீதமான இடங்கள் மாவட்ட அடிப்படையிலும் நிரப்பப்படுகின்றன. அதாவது மட்டக்களப்பு மாவட்டத்துக்கென்று உள்ள இடங்களில் ஒன்றை அயல்வீட்டுப் பிள்ளை எடுத்துக்கொண்டால் அந்த ஓர் இடம் குறைந்தே போகின்றது. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ யாருக்கோ கிடைத்தால் வலிக்காத மனம் பக்கத்து வளவில் கிடைத்தால் வலிப்பதற்கு இப்படி ஒரு கணக்கும் காரணமாக இருக்கின்றது. தவறிய பிள்ளையின் தாய் வேலிக் கடப்படியில் நின்று "கொங்கிராட்ஸ் புள்ள" என்கிறாள். அந்தச் சொல் நாவிலிருந்து வருகின்றதா, நெஞ்சிலிருந்து வருகின்றதா? அது அவளுக்கும் ஆண்டவனுக்கும் மாத்திரமே தெரியும். அவளைக் குறை சொல்லவும் எவருக்கும் உரிமையில்லை. வேலிவரை நடந்து வந்தாளே, அதுவே பெரிது.

துன்பத்தில் இரங்குவது இதைவிட எளிது என்பதற்கு இப்பிரதேசம் அறிந்த சான்று உண்டு. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை கல்லடி முதலிய கரையோரக் கிராமங்களை அள்ளிச் சென்றபோது முன்பின் அறியாதவர்கள் கூட ஓடி வந்தனர். கோயில்களிலும் பாடசாலைகளிலும் உலை வைத்துப் பொங்கிப் போட்டனர். உடுத்த உடையைக் கழற்றிக் கொடுத்தவர்களும் உண்டு. மாதங்கள் கழித்து நிவாரண வீடுகளுக்கான பெயர்ப்பட்டியல் வந்தபோது கதை வேறாயிற்று. ஒன்றாக அழுதவர்களே ஒருவரையொருவர் எண்ணிப் பார்க்கத் தொடங்கினர். அவனுக்கு ஏன் கிடைத்தது, இவளுக்கு எப்படிக் கிடைத்தது என்ற கேள்விகள் எழுந்தன. அவற்றில் நியாயமான முறைப்பாடுகளும் இருந்தன என்பதை மறுக்கலாகாது. ஆயினும் தன் பெயர் இல்லாத பட்டியலில் அயலவன் பெயரைக் கண்டு "அவனுக்காவது கிடைத்ததே" என்றவர்கள் சிலரே. அழுதவனோடு அழுத மனம் சிரித்தவனோடு சிரிக்க ஏன் மறுக்கின்றது?

இக்கேள்விக்கு யோக நூல் ஒரு விடை தருகின்றது. தில்லையில் வியாக்கிரபாத முனிவரோடு கூடி ஆனந்த நடனம் கண்டவராகச் சைவ மரபு போற்றும் பதஞ்சலி முனிவரின் பெயரால் வழங்குவது யோக சூத்திரம். அதன் முதற் பாதத்தில் 33 ஆவது சூத்திரம் மனத் தெளிவுக்கு நான்கு பாவனைகளைக் கூறுகின்றது. மைத்திரி, கருணை, முதிதை, உபேட்சை என்பன அவை. இன்புற்று இருப்பவரிடத்தில் மைத்திரி என்னும் நட்பு, துன்புற்றவரிடத்தில் கருணை, நற்செயல் உடையவரிடத்தில் முதிதை என்னும் மகிழ்ச்சி, தீச்செயல் உடையவரிடத்தில் உபேட்சை என்னும் பற்றற்ற நிலை கொள்ளவேண்டும். அப்படிக் கொண்டால் சித்தம் தெளிவடையும் என்பது சூத்திரத்தின் கருத்து. இங்கே ஒரு நுட்பம் உண்டு. மகிழ்ச்சியாக இருப்பவரை நண்பராகக் கொள் என்று முதலிற் சொல்கின்றார். நண்பன் பெற்றது தான் பெற்றது போல இருக்கும் அல்லவா! நட்பு வந்துவிட்டால் பொறாமைக்கு இருக்கை இல்லை. உரைகாரரான வாசஸ்பதி மிச்சிரரும் இன்புற்றவரிடத்து நட்புப் பாராட்டுவதால் பொறாமை என்னும் மாசு நீங்கும் என்று விளக்குகின்றார். முதிதையால் நீங்குவது பிறர் குணத்திலே குற்றம் காணும் அசூயை என்பார்.

இந்த முதிதை என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் ஈடு காண முயன்றவர்களும் இடர்ப்பட்டனர். சுவாமி விவேகானந்தர் 1896 இல் வெளிவந்த தமது இராஜயோக நூலில் 'கிளாட்னெஸ்', அதாவது மகிழ்ச்சி, என்று பொதுவாகவே மொழிபெயர்த்தார். பௌத்த நூல்களை மொழிபெயர்த்தவர்கள் 'சிம்பதெட்டிக் ஜோய்' என்று இரு சொற்களைப் பிணைத்தனர். பிறர் விழுந்ததைக் கண்டு மகிழ்வதற்கு ஜேர்மன் மொழியிலிருந்து 'ஷாடன்ஃபிரொய்ட' என்று ஒரு சொல்லை இரவல் வாங்கி வைத்திருக்கும் ஆங்கிலத்தில், பிறர் எழுந்ததைக் கண்டு மகிழ்வதற்குத் தனிச்சொல் ஒன்று இல்லாமற் போனது வியப்புத்தான். ஆகவே தமிழன் ஆங்கிலத்திடம் கடன் வாங்கப் போன வீட்டிலும் இந்தப் பண்டம் தாராளமாக இருக்கவில்லை.

இலங்கைத் தீவிலோ இதனை நுணுகி ஆராய்ந்த நூல் ஒன்று கி.பி. 5 ஆம் நூற்றாண்டிலேயே எழுந்தது. அநுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து புத்தகோசர் பாளி மொழியில் எழுதிய விசுத்திமார்க்கம் என்பது அது. பதஞ்சலியார் கூறிய அதே நான்கு குணங்களையும் பிரமவிகாரங்கள் என்று அந்நூல் விரித்துரைக்கின்றது. முதிதைக்கு இரு பகைகள் உண்டு என்கின்றது. பிறர் நலனில் வெறுப்பும் சலிப்பும் தூரத்துப் பகை. அது வெளிப்படையாகத் தெரியும். உலக ஆசையை ஒட்டி எழும் களிப்பு அருகிலுள்ள பகை. அதுவோ முதிதையின் வேடத்திலேயே வந்து நிற்கும். உறவினர் ஒருவர் பெரிய உத்தியோகத்துக்கு வந்ததும் ஊரே திரண்டு மாலை போடுவதை எண்ணினால் இது விளங்கும். அவர் உயர்ந்ததில் மகிழ்ச்சியா, மகனுக்கு ஒரு வேலை பிடித்துத் தருவார் என்பதில் மகிழ்ச்சியா? மாலையின் நீளத்தைக் கொண்டு அதை அளக்க முடியாது. கல்யாண வீடுகளிலும் பிரியாவிடைகளிலும் சட்டமிட்டுக் கையளிக்கப்படும் வாழ்த்துப்பாக்களிலும் இத்தகைய ஐயம் எழுவதுண்டு. பெயரை மாற்றிவிட்டால் எவருக்கும் பொருந்தும் அப்பாக்கள் எத்தனை வீட்டு விறாந்தைகளில் தொங்குகின்றன!

அந்நூல் பயிற்சி முறையும் கூறுகின்றது. எடுத்த எடுப்பில் பகைவனுடைய ஆக்கத்தில் மகிழ முயலக் கூடாது. மிக விருப்பமான, எப்போதும் மலர்ந்த முகமுடைய தோழன் ஒருவனிடமிருந்து தொடங்க வேண்டும். அவன் மகிழ்ச்சியை எண்ணி மகிழப் பழகிய பின் வேண்டியவரும் வேண்டாதவரும் அல்லாத நடுநிலையான ஒருவர். அதன் பின்பே மனம் ஒவ்வாதவர். நீச்சல் பழகுபவன் கரையோரத்தில் முழங்கால் நீரில் தொடங்குவது போன்றது இது. பாடசாலைப் பிள்ளைகளுக்கும் இம்முறை பொருந்தும். தன்னைவிட ஒரு புள்ளி கூட எடுத்தவனிடம் போய் முதல் நாளே மகிழ்ச்சி தெரிவி என்றால் பிள்ளை பொய் சொல்லப் பழகிக்கொள்ளும். அதைவிடத் தன் உற்ற நண்பன் ஓட்டப் போட்டியில் வென்றபோது வந்த துள்ளலை நினைவூட்டி, அதனையே சிறிது சிறிதாக அகலப்படுத்துவது மேல்.

சிங்கள பௌத்த மக்கள் பிறர் செய்த தானத்தையோ பூசையையோ காணும்போது "சாது, சாது" என்பதும், அப்புண்ணியத்தை அநுமோதனம் செய்வதும் யாவரும் கண்டதே. பிறர் செய்த நற்செயலை மனமார ஏற்று மகிழ்ந்தால் மகிழ்ந்தவருக்கும் அதிற் பங்குண்டு என்பது அவர்களின் நம்பிக்கை. அநுமோதனை என்ற சொல்லும், முதிதை என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை.

இனி, தமிழில் இதற்கு நிகர் எங்கே? திருவள்ளுவர் இல்லறவியலில் 17 ஆவது அதிகாரத்துக்கு அழுக்காறாமை என்று பெயர் வைத்தார். பொறாமை கொள்ளாமை என்று எதிர்மறையாலேயே அக்குணம் அங்கு குறிக்கப்பட்டது. பொறாமை, அழுக்காறு, காய்மகாரம், எரிச்சல், வயிற்றெரிச்சல், கண்ணூறு என்று நோய்க்குப் பெயர்கள் நிறைய உள்ளன. நலத்துக்குப் பெயர் தேடி அகராதியைப் புரட்டினால் ஏமாற்றமே மிஞ்சும். ஆனால் மட்டக்களப்பு வாவிக் கரையில் வயது முதிர்ந்த ஒரு பெண்ணின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டால் அது கிடைத்துவிடும். பேத்தி வயதுடைய அயல்வீட்டுப் பிள்ளைக்கு நல்லது நடந்தது என்று கேள்விப்பட்டதும் அவள் சொல்வது: "கேட்டு வயிறு குளிர்ந்து போச்சு புள்ள."

வயிறு எரிதலுக்கு எதிர்ச்சொல் வயிறு குளிர்தல். மனம் குளிர்தல், நெஞ்சு குளிர்தல், கண் குளிர்தல் என்பனவும் இவ்வகையே. நோயை எரிவாகக் கண்ட மொழி நலத்தைக் குளிர்ச்சியாகக் கண்டது. இதற்கு மேல் ஒரு சொல்லாக்க மாநாடு தேவையில்லை. சந்திக்கும்போது "சந்தோசம் மகன், மனம் குளிர்ந்தது" என்று சொன்னால் போதும். இதில் வயதுத் தடையும் இல்லை. சிறியவர் பெரியவருக்குச் சொன்னாலும் பிழையில்லை, ஏனெனில் சொல்பவர் தம் மனத்தில் நடந்ததைத்தான் சொல்கின்றார். நாவூறுக்கும் இடமில்லை. குளிர்ந்த வயிற்றிலிருந்து எரிபார்வை வராது.

குளிர்ச்சி என்பது இப்பிரதேச மக்களுக்கு வெறும் உவமையும் அன்று. வைகாசி மாதத்தில் மட்டக்களப்புக் கண்ணகி அம்மன் ஆலயங்களிற் குளிர்த்திச் சடங்கு நடைபெறுகின்றது. மதுரையை எரித்த அம்மனின் கோபத்தைத் தணித்துக் குளிர்விக்கும் சடங்கு அது. கண்ணகி வழக்குரை படிக்கப்பட்டு, குளிர்த்தி பாடி, அம்மனுக்கு ஆடிய நீர் அடியார் மீது தெளிக்கப்படும். அநீதி இழைக்கப்பட்டவளின் எரிவு நியாயமானது. ஆனால் எரிவு அடங்காதவரை மழை இல்லை, விளைச்சல் இல்லை, ஊருக்கு நோய் நீங்காது என்பது முன்னோர் நம்பிக்கை. தனக்குக் கிடைக்கவில்லை என்ற ஒருவரது எரிவிலும் சில வேளை நியாயம் இருக்கலாம். அந்த எரிவைக் குளிர்விக்கவும் அதே சந்நிதிக்குத்தான் அவர் வருகின்றார்.

சொல் இல்லாமலே உடன் மகிழ்வதற்கும் இவ்வூர்ப் பெண்கள் ஒரு வழி வைத்திருக்கின்றனர். குரவை இடுதலே அது. தாலி கட்டும் வேளையிலும், பெண்பிள்ளை பருவமடைந்து நீராட்டும்போதும், சுவாமி வீதியுலா வரும்போதும் கூடி நிற்கும் பெண்கள் நாவை அசைத்து எழுப்பும் அவ்வொலிக்கு எழுத்தில்லை. காத்தான்குடி, ஏறாவூர் முதலிய ஊர்களில் முஸ்லிம் பெண்களிடமும் இவ்வழக்கம் இருந்து வந்துள்ளது. குரவை இடுபவள் அந்த வீட்டுக்கு உறவாக இருக்க வேண்டியதில்லை. தன் மகளுக்கு இன்னும் வரன் அமையாத தாயும் அடுத்த வீட்டு மணவறைக்கு முன்னே நின்று குரவை இடுகின்றாள். அக்குரல் மற்றவர்களின் குரலோடு கலந்துவிடுகின்றது. தனியே சொல்ல முடியாததை ஊரோடு சேர்ந்து சொல்ல முடிகின்றது. இந்நாளில் ஒலிபெருக்கியின் பாட்டுச் சத்தத்தில் குரவை அமுங்கிப் போவது வருந்தத்தக்கது.

ஆலயத் திருவிழாக்களிலும் இக்குணம் சோதிக்கப்படுகின்றது. குடி முறைப்படி ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒவ்வொரு பகுதியினருக்கு உரியது. முதல் நாள் உபயகாரர் ஒரு கூட்டம் மேளம் பிடித்தால் மறுநாள் உபயகாரர் இரண்டு கூட்டம் பிடிப்பர். பந்தல், பூந்தண்டிகை, வாணவேடிக்கை எல்லாவற்றிலும் இந்தப் போட்டி நடக்கும். போட்டியால் அம்மனுக்கு அலங்காரம் கூடுகின்றது என்று சிலர் சமாதானம் சொல்வர். இருக்கலாம். ஆனால் காளாஞ்சி யாருக்கு முதலில் என்று முகம் சிவக்கும்போது அந்த அலங்காரத்தைப் பார்க்க ஒருவருக்கும் கண் இருப்பதில்லை. "நேற்றைய திருவிழா கண்கொள்ளாக் காட்சி" என்று அடுத்த நாள் உபயகாரர் வாயால் வருமாயின் அதுவே அன்றைய பெரிய பூசை.

பூசை நிறைவில் ஓதப்படும் வாழ்த்தையும் இங்கே எண்ணிப் பார்த்தல் தகும். கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்திலிருந்து எடுத்து இலங்கைச் சைவாலயங்கள் எங்கும் ஓதப்படும் அப்பாடலில் மழை வேண்டப்படுகின்றது, நல்லாட்சி வேண்டப்படுகின்றது, உயிர்கள் எல்லாம் குறையின்றி வாழ வேண்டப்படுகின்றது. ஓதுபவர் தமக்கென்று அதில் எதுவும் கேட்பதில்லை. தன் வீட்டுக் கவலையோடு வந்து கைகூப்பி நிற்பவரும் அந்நேரம் தம் கவலையை மறந்து ஊருக்காக நிற்கின்றார். அயல்வீட்டுப் பிள்ளை சித்தியடைந்தால் அப்பிள்ளையின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி அருச்சனை செய்யும் பெரியவர்கள் சில ஊர்களில் உண்டு. தட்டை வாங்கிய குருக்கள் "உங்கட பேரனோ?" என்று கேட்டால் "இல்ல, பக்கத்து வளவுப் புள்ள" என்பார்கள்.

அடியார் வரலாற்றில் இக்குணத்துக்குப் பெரியபுராணம் காட்டும் சான்றுகள் பல. அவற்றுள் அப்பரும் சம்பந்தரும் பற்றியன சிறந்தவை. ஒருவர் உலக வாழ்வின் மேடுபள்ளம் எல்லாம் கண்ட முதியவர். மற்றவர் பால் மணம் மாறாத பிள்ளை. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது அடியார்களுக்கு அமுதளிக்க இறைவன் இருவருக்கும் நாள்தோறும் ஒவ்வொரு பொற்காசு அருளினார். அப்பரின் காசை வணிகர் அப்படியே ஏற்றனர். சம்பந்தரின் காசுக்கோ வாசி என்னும் வட்டம் கொடுக்க வேண்டியிருந்தது. அதனால் சம்பந்தர் மடத்தில் அமுது பிந்தியது. காரணம் கேட்டறிந்த சம்பந்தர் அவருக்கு நல்ல காசு, எனக்குக் குறைந்த காசா என்று வெதும்பவில்லை. அப்பர் உழவாரம் ஏந்திக் கைத்தொண்டு செய்கின்றார், அதன் சிறப்பே இது என்று உணர்ந்தார். பின் தம் காசின் வாசி தீர வேண்டும் என்று இறைவனிடமே பாடினார், வாசியும் தீர்ந்தது. அடுத்தவரிடம் உள்ளதைக் குறைக்க எண்ணாமல் தம்மிடம் உள்ள குறையைத் தீர்க்கக் கேட்டது கவனிக்கத்தக்கது.

பின்னர் மங்கையர்க்கரசியாரும் குலச்சிறையாரும் அழைக்கச் சம்பந்தர் மதுரைக்குப் புறப்பட்டபோது அப்பர் தடுத்தார். சமணர் செய்யும் கொடுமைகளைத் தாமே அனுபவித்தவர் அவர். நாளும் கோளும் நன்றாக இல்லை என்றும் சொன்னார். சம்பந்தர் கோளறு பதிகம் பாடிச் சென்றார். மதுரையில் வென்றார். பாண்டியனின் வெப்பு நோய் தீர்ந்தது, கூன் நிமிர்ந்தது, நாடு சைவம் தழைத்தது. போகாதே என்று சொன்ன பெரியவர் ஒருவருக்கு, போனவன் வென்று திரும்பும் செய்தி எப்படி இருக்கும்! ஊரிலே எத்தனையோ பெரியவர்கள் அந்த இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

அப்பர் அப்போது திருப்பூந்துருத்தியில் இருந்தார். சம்பந்தர் வருகின்றார் என்று கேட்டதும் எதிர்கொள்ளப் புறப்பட்டார். பெருங்கூட்டம். யாரும் அறியாதபடி அக்கூட்டத்துள் நுழைந்து, முத்துச் சிவிகையைத் தாங்குவோருடன் தாமும் ஒருவராகத் தோள் கொடுத்தார். ஊரை அண்மியதும் சம்பந்தர் அப்பர் எங்கே உள்ளார் என்று வினவினார். உம்மைத் தாங்கிவரும் பேறு பெற்று இங்கே வருகின்றேன் என்ற கருத்தில் சிவிகையின் கீழிருந்து விடை வந்தது. பதைத்து இறங்கிய பிள்ளையார் அவரை வணங்க முற்பட, அதற்கு முன்னே அப்பர் வணங்கினார். கூடி நின்ற அடியார்கள் அரகர முழக்கம் செய்தனர். பின் இருவரும் கோயிலுக்குட் சென்று வழிபட்டு மடத்தில் இருந்தபோது, பாண்டி நாட்டில் நடந்தவற்றையெல்லாம் அப்பர் கேட்டறிந்தார். கேட்கக் கேட்க அந்நாட்டைத் தாமும் காண வேண்டும் என்ற ஆசை அவருக்கு உண்டாயிற்று. விடைபெற்று மதுரைக்குச் சென்றார். பாண்டிய மன்னனும் மங்கையர்க்கரசியாரும் குலச்சிறையாரும் வந்து வணங்கி அவரை வரவேற்றனர்.